ரைசன் 5 5600எக்ஸ் ஓவர்கிளாக்: வேகத்தைக் கூட்டி, விழாமல் நிறுத்துவது வரை முழு வழிகாட்டி

ஓவர்கிளாக் செய்த, அதாவது ப்ராசஸரை கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டும் கம்ப்யூட்டர், வேகத்தை அளக்கும் சினிபெஞ்சை எத்தனை முறை ஓட்டினாலும் தாங்கும், கடினமான கணக்கு கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95-ல் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும், அப்புறம் ராத்திரியில் யாருமே தொடாமல் வெறும் டெஸ்க்டாப்பைக் காட்டிக்கொண்டு இருக்கும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். ரைசன் ப்ராசஸர் வைத்திருக்கும் பலருக்கு இது பழக்கமான விஷயம். பவர் சப்ளை போய்விட்டதோ, ரேம் கெட்டுவிட்டதோ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் காரணம் அங்கே இருக்காது. லோடு குறைவாக இருக்கும்போதுதான் ஒரு கோர் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் தனி அலகு) தன் உச்ச வேகத்துக்குத் தாவும், அந்த வேகத்துக்கு நீங்கள் விட்டுவைத்த வோல்டேஜ் போதாது, அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் சோதனையைப் பற்றித்தான். வேகத்தைக் கூட்ட பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டின் செட்டிங் பக்கம்) நாலு இடத்தில் மாற்றினால் போதும், அது கால் மணி நேர வேலை. கூட்டிய வேகம் நிற்கிறதா என்று உறுதி செய்ய நாட்கள் ஆகும். அந்தப் பொறுமை இல்லை என்றால் ஓவர்கிளாக்கே வேண்டாம், சிப்பை வாங்கியபடியே விட்டுவிடுங்கள்.

உதாரணத்துக்கு ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸை எடுத்துக்கொள்கிறேன். 2020 நவம்பரில் வந்த சிப், 6 கோர், 12 த்ரெட், அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், லோடைப் பார்த்துத் தானாக ஏறும் பூஸ்ட் வேகம் 4.6. செகண்ட் ஹேண்டிலும் நிறையக் கிடைக்கிறது, அதற்கேற்ற பி550 மதர்போர்டுகளும் அதிகம் புழங்குகின்றன. இதில் கற்றுக்கொண்டால் 5800எக்ஸ், 5900எக்ஸ், ஏன் புதிய 7000, 9000 வரிசைகளுக்கும் அதே முறைதான், எண்கள் மட்டும் மாறும். இன்டெல் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் தனியாக ஒரு பகுதி உண்டு.

உங்கள் சிப்பும் போர்டும் இதற்கு இடம் கொடுக்குமா?

ஏஎம்டியில் ரைசன் டெஸ்க்டாப் சிப்கள் ஏறக்குறைய எல்லாமே திறந்தவை. முக்கிய விதிவிலக்கு 5800எக்ஸ்3டி, அதன் மல்டிப்ளையர் (அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கி வேகத்தைத் தரும் எண்) பூட்டப்பட்டது, மேலே அடுக்கியிருக்கும் கேஷ் நினைவகம் அதிக வோல்டேஜையும் சூட்டையும் தாங்காது என்பதால். போர்டு பி அல்லது எக்ஸ் சிப்செட்டாக இருக்க வேண்டும். ஏ320, ஏ520 போர்டுகளில் ப்ராசஸர் ஓவர்கிளாக் கிடையாது. இன்டெல்லில் சிப்பின் பெயரில் கே இருக்க வேண்டும், போர்டு இசட் வரிசையாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் மல்டிப்ளையரை ஏற்ற முடியாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓவர்கிளாக்கால் சிப்புக்கு வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது, பிபிஓவை (சிப்பின் பவர் எல்லைகளைத் தளர்த்தும் பயாஸ் அமைப்பு) ஆன் செய்வதும் அந்தக் கணக்கில்தான் வரும். பயாஸில் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதே ஒரு எச்சரிக்கை வரும், அதைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

வேகம், வோல்டேஜ், சூடு

ஒரு சின்னக் கணக்கு. ப்ராசஸர் இழுக்கும் பவர் வேகத்தின் விகிதத்தில் ஏறும், ஆனால் வோல்டேஜின் வர்க்கத்தின் விகிதத்தில் ஏறும். 1.25 வோல்ட்டில் 4.6 கிகாஹெர்ட்ஸ் ஓடும் ஒரு சிப்பை 1.35 வோல்ட் கொடுத்து 4.8-க்கு ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடியது நாலு சதவீதம்தான். வோல்டேஜ் 8 சதவீதம் கூடியதில் பவர் 16-17 சதவீதம் ஏறும், வேகத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 22 சதவீதம். நாலு சதவீத வேகத்துக்கு 22 சதவீத சூடு. அந்தச் சூட்டில் கசிவு மின்னோட்டமும் ஏறும், ஆக உண்மையில் இதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதே வேகத்துக்கு வோல்டேஜைக் கொஞ்சம் குறைக்க முடிந்தால் பவர் மளமளவென்று இறங்கும், இறங்கிய பவரை ரைசன் தானாகவே வேகமாக மாற்றிக்கொள்ளும். 5600எக்ஸ் போன்ற ஜென் 3 சிப்கள் பவர், மின்னோட்டம், சூடு மூன்றையும் ஒரு நொடிக்குள் பல முறை பார்த்து, எல்லைக்குள் இடம் இருக்கும் வரை தாங்களே பூஸ்ட் ஆகும். அதனால் இந்தத் தலைமுறையில் நல்ல ஓவர்கிளாக் என்பது வோல்டேஜைக் குறைப்பதில் ஆரம்பிக்கிறது.

பழைய முறைப்படி எல்லா கோரையும் 4.6-ல் பூட்டி 1.3 வோல்ட் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பூட்டியதும் சிப்பின் சொந்த பூஸ்ட் வேலை செய்யாது, ஒற்றைக் கோர் வேகத்தில் கிடைக்க வேண்டிய உச்சம் போய்விடும். விளையாட்டு, பிரவுசர், எக்செல் எல்லாம் அந்த ஒற்றைக் கோர் வேகத்தை நம்பித்தான் ஓடுகின்றன. நாள் முழுக்க வீடியோ ரெண்டர் மட்டும் செய்யும் மெஷின் என்றால் பூட்டுவதில் அர்த்தம் உண்டு.

கை வைப்பதற்கு முன்

முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்கில் பேக்கப் எடுங்கள். நிலையற்ற ப்ராசஸரும் ரேமும் ப்ளூ ஸ்க்ரீனோடு நிறுத்தாது, டிஸ்கில் எழுதும் தகவலையும் சத்தமில்லாமல் கெடுக்கும். கல்யாண போட்டோ ஃபோல்டரில் பாதி திறக்கவில்லை என்று ஆறு மாதம் கழித்துத் தெரிய வந்தால் அதை எந்த பெஞ்ச்மார்க்கும் ஈடுகட்டாது.

பயாஸை அப்டேட் செய்யுங்கள். வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பு 5000 வரிசை வெளிவந்த பிறகுதான் பயாஸ் அப்டேட்டாக வந்தது, ஆரம்ப காலத்து பயாஸ் உள்ள போர்டுகளில் அது இருக்காது. அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம், யூபிஎஸ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் சிமாஸ் க்ளியர், அதாவது பயாஸ் செட்டிங்கை டிஃபால்ட்டுக்குத் திருப்புவது எப்படி என்று மதர்போர்டு புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தப்பான செட்டிங்கில் திரையே வராமல் போனால் இதுதான் வழி. சில போர்டுகளில் பின்பக்கம் பட்டன் இருக்கும், மற்றவற்றில் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சில நொடி தொட வைக்க வேண்டும், அதுவும் இல்லையா, பவர் வயரைக் கழற்றிவிட்டு நாணயம் மாதிரி இருக்கும் அந்த சிஆர்2032 பேட்டரியை எடுத்துவிட்டுச் சில நிமிடம் கழித்துப் போடலாம்.

கூலர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டியோடு வரும் ரெயித் ஸ்டெல்த் கூலர் ஸ்டாக் (கம்பெனி வைத்த) வேகத்துக்கே திணறும். நாலு ஹீட் பைப், ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள சாதாரண டவர் கூலர் 5600எக்ஸுக்குப் போதும். பெரிய வாட்டர் கூலர் வாங்கினாலும் எதிர்பார்த்த அளவு சூடு இறங்காது, ஏனென்றால் ஆறு கோரும் உட்கார்ந்திருக்கும் சில்லு வெறும் 81 சதுர மில்லிமீட்டர்தான். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து வெப்பம் வெளியே வருவதே சிக்கல், வந்த வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவது அதற்கு அடுத்த பிரச்சினை. கேபினெட்டில் முன்பக்கம் காற்று உள்ளே வருகிறதா, பின்பக்கம் வெளியே போகிறதா, வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓவர்கிளாக்குக்கு முன்னால் தூசி தட்டினாலே பல மெஷின்களில் பூஸ்ட் கூடும்.

முதலில் ஸ்டாக் நிலையை அளந்து வையுங்கள்

பயாஸில் எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, விண்டோஸில் சூடு, வேகம், வோல்டேஜைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ64 திறந்து வைத்து, சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிட முறையில் ஓட்டுங்கள். ஸ்டாக் 5600எக்ஸ் எல்லா கோர் சோதனையில் சுமார் 11,000 புள்ளி எடுக்கும். புள்ளி, அதிகபட்ச சூடு, எஃபெக்டிவ் கிளாக் (உண்மையில் ஓடிய வேகம்), பவர் நாலையும் ஒரு தாளில் எழுதுங்கள். அறையின் வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள், அது இல்லாத அளவு பின்னால் ஒப்பிட உதவாது.

எச்டபிள்யூஇன்ஃபோவில் கோர் கிளாக் ஒரு வரியில், எஃபெக்டிவ் கிளாக் இன்னொரு வரியில் இருக்கும். நம்ப வேண்டியது இரண்டாவதை. வோல்டேஜ் போதாமல் போனால் ஜென் சிப்கள் உடனே விழாது, கடிகாரத் துடிப்பை இழுத்து நீட்டிச் சமாளிக்கும். அப்போது கோர் கிளாக் 4650 என்றே காட்டும், எஃபெக்டிவ் கிளாக் அதைவிடக் கீழே போயிருக்கும், பெஞ்ச்மார்க் புள்ளியும் இறங்கியிருக்கும். வோல்டேஜைக் குறைத்த பிறகு மெஷின் நிலையாக நிற்கிறது, ஆனால் புள்ளி குறைந்துவிட்டது என்றால் நடப்பது இதுதான்.

ஒற்றைக் கோர் ஓட்டும்போது வோல்டேஜ் 1.45, சில சமயம் 1.5 வரை போவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது ஸ்டாக்கிலேயே அப்படித்தான். ஒரே கோர் ஓடும்போது மின்னோட்டம் குறைவு, அதனால் அந்த வோல்டேஜுக்கு அனுமதி உண்டு. ஆறு கோரும் மணிக்கணக்கில் ஓடும்போது 1.4-ஐக் கையால் பூட்டி வைப்பதுதான் ஆபத்து.

ஸ்டாக்கிலேயே மெஷின் விழுகிறது என்றால் இங்கேயே நிறுத்துங்கள். அடியில் வேறு கோளாறு இருக்கிறது, அதன் மேல் ஓவர்கிளாக்கை ஏற்றினால் எது எதனால் விழுந்தது என்று கடைசி வரை தெரியாது.

ரேமை முதலில் முடியுங்கள்

எக்ஸ்எம்பி (ரேமை டப்பாவில் போட்ட வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) ஆன் செய்வதும் ஓவர்கிளாக்தான். டப்பாவில் 3600 என்று அச்சடித்திருந்தாலும் உங்கள் சிப்பின் மெமரி கண்ட்ரோலர் அதைத் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஏசூஸ் போர்டுகளில் டிஓசிபி என்று இருக்கும், அதே விஷயம்தான். ஜென் 3-க்கு டிடிஆர்4-3600 நல்ல இடம். ரேம் 1800 மெகாஹெர்ட்ஸிலும் (ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் போவதால் 3600), சிப்புக்குள் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 1800-லும் ஒன்றுக்கு ஒன்று ஓடும். ஃபேப்ரிக்கை 1900-க்கு மேல் தள்ளுவது எல்லா சிப்பிலும் நடக்காது.

எக்ஸ்எம்பி போட்டதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட்டுங்கள், விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 ஒரு முறை ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். 'ஆயிரத்தில் ஒன்றுதானே' என்று விட்டால் அடுத்த வாரம் கோரில் தப்பா ரேமில் தப்பா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டி வரும். பிழை வந்தால் வேகத்தை ஒரு படி இறக்கி மறுபடி ஓட்டுங்கள்.

பிபிஓ எல்லைகள்

பயாஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங், அதற்குள் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ். அதை அட்வான்ஸ்டு என்று மாற்றினால் பிபிடி, டிடிசி, ஈடிசி என்று மூன்று எண்கள் வரும். பிபிடி என்பது சாக்கெட் வழியே போகும் மொத்த வாட், டிடிசி தொடர்ந்து இழுக்கக்கூடிய ஆம்பியர், ஈடிசி நொடிப்பொழுது உச்ச ஆம்பியர். 5600எக்ஸின் ஸ்டாக் எண்கள் 76 வாட், 60 ஆம்பியர், 90 ஆம்பியர்.

போர்டு எல்லை என்ற தேர்வைப் போடாதீர்கள். போர்டு கம்பெனி தன் போர்டால் முடிந்ததையெல்லாம் திறந்துவிடும், சிப்பும் சூட்டின் எல்லையில் போய் முட்டி நிற்கும். மேனுவல் வைத்து 100, 75, 110 என்று ஆரம்பிக்கலாம். சினிபெஞ்சில் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் பிபிடியை ஐந்து ஐந்து வாட்டாக இறக்குங்கள். சிப்பின் எல்லை 95 டிகிரி, ஆனால் 85-க்குக் கீழே இருந்தால்தான் பூஸ்ட் தாராளமாக வரும். ஸ்கேலர் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைத் தொட வேண்டாம். அதிக வோல்டேஜில் அதிக நேரம் இருக்க சிப்புக்கு அனுமதி கொடுக்கும் அமைப்பு அது, கிடைக்கும் வேகம் சொற்பம், தேய்மானம் அதிகம்.

சின்ன கேபினெட், எளிய கூலர் என்றால் பிபிடியை 76-லேயே விடுங்கள். அடுத்த படியை மட்டும் செய்தாலே அதே 76 வாட்டில் கூடுதல் வேகம் கிடைக்கும். என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் சிறந்த ஓவர்கிளாக்.

கர்வ் ஆப்டிமைசர்: உண்மையான வேலை இங்கேதான்

ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு வோல்டேஜ் தேவை என்று ஏஎம்டி தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கோருக்கும் ஒரு வளைகோடு எழுதி அனுப்புகிறது. எல்லாச் சூழலிலும் நிற்க வேண்டும் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே எழுதியிருப்பார்கள். அந்தத் தாராளத்தில் ஒரு பங்கைத் திரும்ப எடுப்பதுதான் கர்வ் ஆப்டிமைசர். மைனஸ் 30-லிருந்து பிளஸ் 30 வரை கொடுக்கலாம், ஒரு எண்ணுக்கு சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 20 என்றால் 60 முதல் 100 மில்லிவோல்ட் குறைப்பு, அது சின்ன விஷயம் இல்லை.

'எல்லா கோருக்கும் மைனஸ் 30 போட்டேன், அருமையாக ஓடுகிறது' என்று எழுதுபவர்கள் ஏராளம். அதை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். ஒரு சிப்பில் நிற்பது இன்னொரு சிப்பில் நிற்காது, ஒரே சிப்புக்குள் ஒரு கோரில் நிற்பது பக்கத்துக் கோரில் நிற்காது. அவர்கள் எதை வைத்துச் சோதித்தார்கள் என்றும் கேளுங்கள். சினிபெஞ்ச் என்று பதில் வந்தால் அது சோதனையே இல்லை.

பெர் கோர் என்று தேர்ந்தெடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவில் ஒவ்வொரு கோரின் பெயருக்குப் பக்கத்திலும் அதன் தரவரிசை எண் இருக்கும். முதல் இரண்டு கோர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஒற்றைக் கோர் வேலையை அவற்றுக்குத்தான் கொடுக்கும், உச்ச பூஸ்ட்டுக்குப் போவதும் அவைதான். நல்ல கோர் என்பதால் அதிகம் குறைக்கலாம் என்று தோன்றும், நிலைமை தலைகீழ். நல்ல கோர்களுக்குத் தொழிற்சாலையே குறைந்த வோல்டேஜ்தான் எழுதியிருக்கும், அங்கே எடுப்பதற்கு மிச்சம் குறைவு. ஆகவே அந்த இரண்டுக்கும் மைனஸ் 8, மற்ற நான்குக்கும் மைனஸ் 15 என்று ஆரம்பியுங்கள். பூஸ்ட் ஓவர்ரைடு இப்போதைக்கு சீரோ.

சேவ் செய்து விண்டோஸ் வந்ததும் சினிபெஞ்ச் ஒரு முறை. புள்ளி ஏறியிருக்க வேண்டும், சூடு இறங்கியிருக்க வேண்டும் அல்லது அப்படியே இருக்க வேண்டும். இது சரியான திசையில் போகிறோமா என்று பார்க்க மட்டும்.

கோர் கோராகச் சோதிப்பது

எல்லா கோரையும் ஒரே நேரத்தில் ஓட்டும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டில் பவர் எல்லை காரணமாக வேகம் 4.3, 4.4 என்று இறங்கிவிடும். அந்த வேகத்துக்குரிய வோல்டேஜில் சிக்கலே இருக்காது. நீங்கள் குறைத்த வோல்டேஜ் கடிப்பது 4.6-க்கு மேல், அங்கே சிப் போவது ஒன்றிரண்டு கோர் மட்டும் ஓடும்போது. ஆக, சோதனையும் ஒரு கோரை மட்டும் உச்ச வேகத்தில் நிறுத்தி வைப்பதாக இருக்க வேண்டும்.

அதற்கு கோர்சைக்ளர் என்ற இலவச ஸ்க்ரிப்ட் இருக்கிறது. பிரைம்95-ஐ ஒரு கோரில் மட்டும் கட்டிவைத்து ஓட்டும், நேரம் முடிந்ததும் அடுத்த கோருக்குத் தாவும். கான்ஃபிக் ஃபைலில் எஸ்எஸ்இ (பழைய, இலகுவான கட்டளைத் தொகுப்பு) முறையையும் ஹ்யூஜ் எஃப்எஃப்டி (பெரிய கணக்கு) அளவையும் வையுங்கள். ஏவிஎக்ஸ் (புதிய, கனமான கட்டளைத் தொகுப்பு) கடினமான சோதனை ஆயிற்றே, அதைப் போடக் கூடாதா என்று கேட்கலாம். ஏவிஎக்ஸ் சூட்டைக் கூட்டி வேகத்தைக் குறைத்துவிடும். எஸ்எஸ்இயில்தான் கோர் மிக உயரமான வேகத்துக்கு ஏறும், நமக்கு வேண்டியது அந்த உயரம். ஏவிஎக்ஸை அப்புறமாகத் தனியாக ஒரு சுற்று ஓட்டலாம்.

முதல் சுற்றுக்கு ஒரு கோருக்கு 6 நிமிடம் வைத்தால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். பிழை வந்தால் எந்தக் கோர் என்று சிவப்பில் எழுதும், பிரைம்95-ன் வரியும் வரும்: ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று. இந்த வரியின் அர்த்தம் தெரிந்துகொள்வது நல்லது. பிரைம்95 மிகப் பெரிய முழு எண்களைத் தசமக் கணக்கு வழியாகப் பெருக்குகிறது, விடை ஒவ்வொன்றும் ஒரு முழு எண்ணுக்கு மிக அருகில் வந்து விழ வேண்டும். எவ்வளவு தள்ளி விழுந்தது என்று அது அளந்துகொண்டே இருக்கும். 0.5 என்றால் இரண்டு முழு எண்களுக்கு நட்ட நடுவில், அதாவது ப்ராசஸர் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டது. மெஷின் விழவில்லை, ப்ளூ ஸ்க்ரீன் இல்லை, ஆனால் கணக்கு தப்பு. இப்படிப்பட்ட தப்பு உங்கள் ஜிப் ஃபைலுக்குள் நடந்தால் யார் பார்ப்பது?

பிழை வந்த கோரில் மட்டும் மூன்று எண் பின்வாங்குங்கள், மைனஸ் 15 இருந்தால் மைனஸ் 12. பிழை வராத கோர்களை மூன்று எண் முன்னே தள்ளுங்கள். மறுபடி ஓட்டுங்கள். இப்படியே போனால் ஒவ்வொரு கோருக்கும் ஒரு விளிம்பு தெரியும். ஒன்று மைனஸ் 5-லேயே முரண்டு பிடிக்கும், இன்னொன்று மைனஸ் 28 வரை கவலைப்படாமல் போகும், இது சகஜம். விளிம்பு தெரிந்ததும் எல்லா கோரிலும் அதிலிருந்து இன்னும் மூன்று எண் பின்வாங்கி நிறுத்துங்கள். அந்த மூன்று எண் வேகத்தில் கண்ணுக்கே தெரியாது, நிலைப்பில் நன்றாகத் தெரியும்.

அப்புறம் இறுதிச் சோதனை: ஒரு கோருக்கு ஒரு மணி நேரம், ஆறு கோருக்கு ஆறு மணி நேரம், தூங்கப் போகும்போது போட்டுவிடுங்கள். அது தாண்டினால் ஒய்-க்ரஞ்சர் என்ற இன்னொரு சோதனை மென்பொருளை எல்லா கோரிலும் ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு வேறு வகை: மெஷினை ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், பல முறை. முழுக்க ஷட்டவுன் செய்து, சிப் ஆறிய பிறகு ஆன் செய்யுங்கள். ஒரு இரவு எதுவுமே ஓட்டாமல் விடுங்கள். பெரிய ஃபோல்டர் ஒன்றை 7-ஜிப்பில் சுருக்கி, விரித்துச் சரிபாருங்கள், சிஆர்சி பிழை (தகவல் கெட்டுவிட்டது என்ற செய்தி) வரக் கூடாது. கடைசியாக, நீங்கள் தினமும் செய்யும் வேலை எதுவோ அதை ஒரு வாரம் செய்யுங்கள்.

விழுந்தால் எந்தக் கோர் என்று கண்டுபிடிப்பது

திடீரென்று ரீஸ்டார்ட் ஆனால் உடனே பயாஸுக்கு ஓடாதீர்கள். விண்டோஸில் ஈவன்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவுகளில் வியா-லாகர் (வன்பொருள் பிழைகளைப் பதியும் பகுதி) என்ற பெயரைத் தேடுங்கள். ஈவன்ட் எண் 18 இருந்தால் ப்ராசஸர் கோரில் பிழை என்று அர்த்தம், கேஷ் ஹைரார்க்கி எரர் என்ற வார்த்தைகளோடு வரும். அதே இடத்தில் ப்ராசஸர் ஏபிஐசி ஐடி என்று ஒரு எண் இருக்கும், அது த்ரெட்டின் எண். 5600எக்ஸில் அதை இரண்டால் வகுத்து, மிச்சத்தை விட்டுவிட்டால் கோர் எண் கிடைக்கும். ஐடி 4 அல்லது 5 என்றால் கோர் 2, ஐடி 9 என்றால் கோர் 4. எண்ணிக்கை சீரோவில் தொடங்கும், பயாஸிலும் அப்படியேதான். அந்தக் கோருக்கு மட்டும் மூன்று எண் பின்வாங்கினால் போதும், மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை.

ஈவன்ட் 19 என்றால் சரிசெய்யப்பட்ட பிழை. பஸ் அல்லது இன்டர்கனெக்ட் என்று கூடவே இருந்தால் ஃபேப்ரிக் வேகத்தைச் சந்தேகப்படுங்கள், கோரை இல்லை. வியா-லாகர் ஈவன்ட் எதுவுமே பதியாமல் அணைந்து எரிந்தால்தான் பவர் சப்ளை பக்கம் பார்க்க வேண்டும்.

பூஸ்ட் ஓவர்ரைடு

கர்வ் உறுதியான பிறகு, மேக்ஸ் பூஸ்ட் கிளாக் ஓவர்ரைடில் 50, 100 என்று ஏற்றலாம், அதிகபட்சம் 200. சிப்பின் உள் எல்லை 4650, ஆக 200 போட்டால் 4850 வரை போக அனுமதி. ஆனால் வேகம் மேலே போனால் கர்வில் நீங்கள் கண்டுபிடித்த விளிம்பும் மாறும். 4650-ல் மைனஸ் 20-ஐத் தாங்கிய கோர் 4850-ல் மைனஸ் 12-க்கே பிழை காட்டலாம். எனவே ஒவ்வொரு படிக்கும் கோர்சைக்ளரை மறுபடி முழுசாக ஓட்ட வேண்டும். ஒற்றைக் கோர் புள்ளி ஏறாமல் நின்றால் அந்தப் படியில் நிறுத்திவிடுங்கள்.

இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே மல்டிப்ளையர் முறை இன்னும் அர்த்தமுள்ளது. அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், கோர் ரேஷியோ 49 என்றால் 4.9 கிகாஹெர்ட்ஸ். அடிப்படைக் கடிகாரத்தைத் தொடாதீர்கள், ரேஷியோவை மட்டும் ஒன்று ஒன்றாக ஏற்றுங்கள். பி-கோர் (வேகமான கோர்), இ-கோர் (மின்சிக்கனக் கோர்), ரிங் (கோர்களை இணைக்கும் பாதை) மூன்றுக்கும் தனி ரேஷியோ உண்டு. பி-கோரை முடித்துவிட்டு மற்றதுக்குப் போங்கள், மூன்றையும் சேர்த்து ஏற்றினால் எது விழுத்தியது என்று தெரியாது.

இன்டெல்லில் பலரும் தடுமாறுவது லோடு லைன் கேலிப்ரேஷனில். லோடு ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் சரியும், அது வடிவமைப்பிலேயே உள்ளது. சரிவே வேண்டாம் என்று அந்த அளவை உச்சத்தில் வைத்தால், லோடு சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் நீங்கள் கொடுத்ததற்கும் மேலே துள்ளும். அந்தத் துள்ளலை எந்த மென்பொருளும் உங்களுக்குக் காட்டாது, ஆசிலோஸ்கோப்பில்தான் தெரியும். அதனால் நடு அளவில் வைத்து, லோடில் இறங்கி நிற்கும் வோல்டேஜைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

13, 14ஆம் தலைமுறை சிப் என்றால் ஓவர்கிளாக்குக்கு முன் பயாஸ் அப்டேட் கட்டாயம். அந்தச் சிப்கள் பலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், காலப்போக்கில் குறைந்தபட்சத் தேவை வோல்டேஜே உயர்ந்துவிடும் கோளாறு இருந்ததை 2024-ல் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது, அதைத் தொடர்ந்து இன்னொன்றும் வந்தது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அதன் அறிகுறி எப்படி வந்தது என்பது கவனிக்க வேண்டியது: விளையாட்டு ஷேடரை (காட்சியை வரையும் சிறு நிரல்) விரிக்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்ற செய்தியோடு மூடிக்கொள்ளும். எல்லாரும் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டார்கள், தப்பு ப்ராசஸரில் இருந்தது.

ஏஎம்டி பக்கமும் 2023-ல் ஒரு பாடம் உண்டு. ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சில சாக்கெட்டிலேயே கருகின, ரேமுக்கு எக்ஸ்போ (ஏஎம்டியின் எக்ஸ்எம்பி) ஆன் செய்ததும் போர்டுகள் எஸ்ஓசி (மெமரி கண்ட்ரோலர் இருக்கும் பகுதி) வோல்டேஜைத் தானாக ஏற்றியது காரணம். அதற்குப் பிறகு வந்த பயாஸ்களில் 1.3 வோல்ட் என்று எல்லை கட்டினார்கள். ஏஎம்5 (7000, 9000 வரிசைகளின் சாக்கெட்) போர்டு வைத்திருந்தால் எஸ்ஓசி வோல்டேஜ் எவ்வளவு என்று எச்டபிள்யூஇன்ஃபோவில் இன்றே பாருங்கள், ஆட்டோவை நம்பி விட வேண்டாம்.

வெயில் காலமும் பராமரிப்பும்

டிசம்பரில் சோதித்த ஓவர்கிளாக் மே மாதத்தில் அதே மாதிரி இருக்காது. சென்னையிலோ வேலூரிலோ ஏசி இல்லாத அறை மதியம் 36 டிகிரியைத் தொடும், மார்கழி இரவில் அதே அறை 25. கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த 11 டிகிரி அப்படியே ப்ராசஸர் சூட்டில் ஏறும். குளிர் காலத்தில் சினிபெஞ்சில் 78 காட்டியது வெயிலில் 89 காட்டும். எனவே பிபிடி எண்ணை முடிவு செய்ய வெயில் நாளின் மதியத்தைத் தேர்ந்தெடுங்கள். கர்வ் சோதனைக்கு இரண்டு காலமும் வேண்டும், ஏனென்றால் குளிரில் சிப் இன்னும் உயரமாக பூஸ்ட் ஆகும், விளிம்பில் இருக்கும் கோர் அப்போது விழலாம்.

முடிவான எண்களை பயாஸ் ப்ரொஃபைலில் சேமியுங்கள், அதோடு நிற்காமல் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் சேமித்த ப்ரொஃபைல் பெரும்பாலும் அழிந்துவிடும் அல்லது புதிய பயாஸில் ஏறாது. அப்டேட்டுக்குப் பிறகு பழைய எண்களைக் கையால் போட்டுவிட்டு, கோர்சைக்ளரை ஒரு இரவு மறுபடி ஓட்டுங்கள். புதிய பயாஸில் பூஸ்ட் நடத்தையே கொஞ்சம் மாறியிருக்கலாம், போன மாதம் நின்ற மைனஸ் 18 இந்த மாதம் மைனஸ் 15 ஆக வேண்டியிருக்கலாம்.